முப்பத்தெட்டும் பிடித்த வரிசை

கிங்ஸ்டன் பிளாக் என்ற அப்பிளை யாரும் இரண்டாம் முறை கடிக்கமாட்டார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னப் பழம். பழுத்தால் கறுப்பா சிவப்பா என்று சொல்லமுடியாத நிறம். கடித்தால் முதலில் புளிப்பு, பிறகு நாக்கை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு, இனிப்பு கடைசியில்தான் எட்டிப்பார்க்கும். சைடர் என்ற அப்பிள் மது செய்வதற்கென்றே இங்கிலாந்தில் பல தலைமுறையாக வளர்த்துவந்த மரம் அது. மெல்பேர்ணுக்குக் கிழக்கே, மல்கிரேவில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம் கார் ஓட்டினால் வரும் மலைச்சரிவுத் தோட்டமொன்றில், அந்த மரத்தை நான் இருபத்திரண்டு வருடம் வளர்த்தேன்.

ஓய்வுபெற்று இரண்டு வருடமாகிறது. போன மாதம், தோட்டத்தை இப்போது நடத்தும் பெண் எனக்குப் போன் எடுத்தாள். ஒவ்வொரு மரத்திலும் இரண்டு இலை பறித்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பப் போகிறார்களாம். எது என்ன வகை என்று மரபணுவைப் பார்த்தே சொல்லிவிடுவார்களாம். “இனிக் காய்க்கும்வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை, மலர்,” என்றாள். நல்ல விசயம் என்றேன். உண்மையிலேயே நல்ல விசயம்தான். ஆனால் போனை வைத்த பிறகு, அந்த வசதி எனக்கு அன்றே இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்ற யோசனை விடவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் முழுப்பெயர் சிவமலர். ஊரில் கூட்டுறவுச் சங்கமொன்றில் லிகிதராக இருந்தவள். பேரேடு தெரியும், தட்டச்சு தெரியும், மரம் தெரியாது. அகதியாக இங்கே வந்து, கந்தோர்கள் கூட்டித் துடைக்கும் வேலை சில வருடம் செய்தேன். ஒரு இலையுதிர் காலத்தில் பழம் பொறுக்க ஆள் வேண்டுமென்று கேள்விப்பட்டுப் போனேன். சைடர் அப்பிளை மரத்திலிருந்து பறிப்பதில்லை. தானாக விழ விட்டு, மிச்சத்தைக் கிளையை உலுக்கி விழுத்தி, நிலத்திலிருந்து பொறுக்குவார்கள். ஆறு கிழமை குனிந்தபடி பொறுக்கினேன். சீசன் முடிந்து மற்றவர்கள் போனபோது, தோட்டக்காரர் றொபின் என்னை மட்டும் நிற்கச் சொன்னார். ஏனென்று கேட்டேன். “நீர் அழுகினதை வாளிக்குள் போடவில்லை,” என்றார். அவ்வளவுதான் எனக்கு நடந்த நேர்முகத் தேர்வு.

றொபின் பேசியதெல்லாம் இங்கிலிஷில்தான். ஆனால் அவர் பேசும் விதம் என் காதில் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் ‘நீர்’ போட்டுப் பேசுவதுபோலவே விழும்; அதனால் இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். முதல் கிழமை அவரை “சேர்” என்று கூப்பிட்டேன். அவர் திரும்பிப் பார்த்துத் தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று தேடினார். பிறகு றொபின் என்றே கூப்பிடப் பழகினேன்.

உயரமான, கொஞ்சம் கூனிய மனிதர். நான் ஒரு கிளையைப் பிழையாகக் கத்தரித்தால் பிழையென்று சொல்லமாட்டார். பக்கத்து மரத்துக்குப் போய், அதே மாதிரிக் கிளையைத் தேடிப் பிடித்து, நான் பார்க்கும்படி மெதுவாகச் சரியாகக் கத்தரித்துவிட்டுப் போய்விடுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கொட்டகையைக் கூட்டுவார். பெரிய தும்புத்தடி ஒன்று இருந்தது. அது சீமெந்துத் தரையில் சரக் சரக்கென்று உரசும் சத்தம் கேட்டால், எல்லாரும் வேறு பக்கமாகப் போய்விடுவோம்.

இரண்டாவது வருடம் ஒருநாள், மூன்று வகை அப்பிளை வெட்டி மேசையில் வைத்து, “ருசித்துச் சொல்லும்,” என்றார். சைடருக்கு உயிர் துவர்ப்புத்தான். ஆனால் இங்கிலிஷில் அதற்கு அவரிடம் கடினம், மென்மை என்று இரண்டு சொல்தான் இருந்தது. நான் யோசிக்காமலே, “இது பாக்கு. பல்லில் நிற்கிறது. இது வாழைப்பூ. தொண்டையில்தான் தெரியும். இது நெல்லிக்காய். தண்ணீர் குடித்தால் போய்விடும்,” என்றேன். வாழைப்பூவைத் தின்பீர்களா என்று கேட்டார். அடுத்த நாள் சுண்டிக்கொண்டு போய்க் கொடுத்தேன். கண்ணை மூடிச் சாப்பிட்டார். பிறகு சட்டைப்பையிலிருந்து கொப்பியை எடுத்து, ஒவ்வொரு வகைக்கும் நேரே பாக்கு, வாழைப்பூ என்று இங்கிலிஷ் எழுத்தில் எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு எந்தப் பழத்தை எதனுடன் சேர்த்துப் பிழிவதென்று என்னைக் கேட்காமல் முடிவெடுக்கமாட்டார். நானோ வாழ்நாளில் ஒரு மிடறு சைடர் குடிக்காதவள். கோயிலில் ஒரு அன்ரி, “பிள்ளை சாராயத் தோட்டத்தில வேலையாம்,” என்று சொல்லித் திரிந்தது என் காதுக்கு வந்தது. றொபினிடம் சொன்னேன். சிரித்துச் சிரித்து இருமினார்.

கிங்ஸ்டன் பிளாக் பிடிவாதக்கார மரம். ஒரு வருடம் காய்க்கும், மறுவருடம் சும்மா நிற்கும். ஈரம் கூடினால் இலையெல்லாம் கரும்புள்ளி விழும். நிறையப் பேர் அதைப் பிடுங்கிவிட்டு வேறு மரம் வைத்துவிட்டார்கள். றொபின் கீழ்ச்சரிவு முழுக்க அதையே வைக்கவேண்டுமென்று ஆசைப்பட்டார். வரிசைக்கு முப்பத்தெட்டாகப் பத்து வரிசை. கலப்பில்லாமல் அந்த ஒரே பழத்தில் சைடர் செய்யும் ஒரு பெண்ணுக்கு வாக்கும் கொடுத்திருந்தார். அந்தச் சரிவை என் பொறுப்பில் விட்டார். அடித்தண்டுகளைக் குளிர்காலத்தில் நட்டு, இங்கே வசந்தம் தொடங்கும் செப்டெம்பரில் ஒட்டுக் கட்டத் தொடங்கினோம். அது ஊரில் போர் முடிந்த வருடம்.

என் தம்பி குகன் அங்கே அகப்பட்டிருந்தான். தை மாதத்துக்குப் பிறகு அவனைப்பற்றி ஒரு தகவலும் இல்லை. போர் முடிந்தது என்றார்கள். முகாம்களின் பெயர்ப்பட்டியல் என்று சிலது வந்தது, அவன் பெயர் எதிலும் இல்லை. வீட்டில் அதே பேச்சு. கோயிலில், கடையில், யாரைக் கண்டாலும், “ஏதும் தெரிஞ்சதே?” என்ற அதே கேள்வி. தோட்டத்தில் மட்டும் நான் வாய் திறக்கவில்லை. அந்த மாதங்களில் றொபின் அடிக்கடி கொட்டகையைக் கூட்டினார். நான் என்ன பிழை விட்டேனோ என்று பயந்து, இன்னும் கவனமாக வேலை செய்தேன்.

ஒட்டுக் கட்டுவதைக் கொஞ்சம் சொல்லவேண்டும். நிலத்தில் வேரோடு நிற்கும் அடித்தண்டைச் சாய்வாக ஒரே வெட்டில் சீவவேண்டும். இரண்டாம் முறை கத்தி வைத்தால் மேடு பள்ளம் வந்துவிடும். நல்ல மரத்திலிருந்து குளிர்காலத்தில் வெட்டிக் குளிரில் வைத்திருந்த குச்சியையும் அதே சாய்வில் சீவவேண்டும். இரண்டிலும் சின்ன நாக்குப்போல ஒரு கீறல் போட்டு, ஒன்றை ஒன்றுக்குள் செருகவேண்டும். பட்டைக்கும் மரத்துக்கும் நடுவில் மயிரளவு பச்சைக் கோடு ஓடும். அந்தக் கோடும் இந்தக் கோடும் ஒட்டினால்தான் உயிர் ஏறும். பிறகு நாடாவால் இறுக்கிச் சுற்றி, நுனிக்கு மெழுகு. நூறு கட்டினால் தொண்ணூறு பிடித்தாலே கெட்டிக்காரி. எந்தக் குச்சி எந்த வகை என்று கண்ணால் பார்த்துச் சொல்லமுடியாது. எல்லாம் ஒரே மண்ணிறக் குச்சிதான். அதனால் றொபினுக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது: ஒரு நேரத்தில் ஒரு வகைதான் வெளியே வரலாம்.

அன்று அவர் பல்லுப் பிடுங்கப் போயிருந்தார். மேற்பக்கத்தில் டாபினெட் என்ற இன்னொரு வகையில் கொஞ்சம் கட்டி முடிக்கவேண்டியிருந்தது. அது முடிந்தவுடன் கீழே கடைசி வரிசை கிங்ஸ்டன். இரண்டு தரம் நடக்கப் பஞ்சிப்பட்டு, இரண்டு வகைக் குச்சிக் கட்டுகளையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு போய், ஒரே ஈரச் சாக்கில் வைத்தேன். கீழே இறங்கி முதல் தண்டைச் சீவக் கத்தியை எடுத்தபோது போன் அடித்தது. தெரியாத நம்பர்.

“அக்கா,” என்றது குரல். “நான்தான். இருக்கிறன்.”

நான் என்ன சொன்னேன் என்று எனக்கு ஞாபகமில்லை. எந்த முகாம் என்று கேட்டேன், சாப்பிட்டியா என்று கேட்டேன் என்று நினைக்கிறேன். இரண்டு நிமிடத்தில் போன் நின்றுவிட்டது. புல்லில் அப்படியே இருந்து அழுதேன். கணவர் யோகனுக்குப் போன் பண்ணி, அவரும் அழுது, பிறகு இருவரும் சிரித்தோம். வீட்டுக்கு ஓடவேண்டும்போல இருந்தது. ஆனால் கை சும்மா இருக்கமாட்டேன் என்றது. எழும்பி ஒட்டுக் கட்டத் தொடங்கினேன். கத்தி வெண்ணெயில் போவதுபோலப் போனது. பொழுது சாயமுன் முப்பத்தெட்டையும் கட்டி, ஒவ்வொன்றிலும் கிங்ஸ்டன் பிளாக் என்ற பெயர்த் தகட்டைத் தொங்கவிட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மூன்று கிழமையில் துளிர்த்தது. மற்ற வரிசைகளில் மூன்று, நாலு செத்திருந்தன. கடைசி வரிசையில் முப்பத்தெட்டுக்கு முப்பத்தெட்டும் பிடித்திருந்தன. றொபின் வரிசையின் தொடக்கத்திலிருந்து முடிவுவரை நடந்துபோய், திரும்பி நடந்துவந்து, தொப்பியைக் கழற்றி எனக்கு மரியாதை செய்தார்.

நாலாவது வசந்தத்தில்தான் மரங்கள் நிறையப் பூத்தன. மேலே ஒன்பது வரிசையும் வெள்ளையாக நின்றபோது கடைசி வரிசை மொட்டாகவே இருந்தது. பள்ளத்தில் குளிர் தேங்கும், அதனால் பிந்துகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய்யென்று அப்போதே மனதின் ஒரு மூலைக்குத் தெரிந்திருக்கவேண்டும். றொபினுக்கு அந்த வருடம் முழங்கால் சத்திரசிகிச்சை. சரிவில் இறங்கமாட்டார். நான் சொல்வதுதான் அவருக்குச் செய்தி. “எல்லாம் நல்லாப் பூத்திருக்கு,” என்று சொன்னேன்.

அடுத்த ஏப்ரலில், பழம் ஏற்ற லொறி வர மூன்று நாள் இருக்கையில், பழுத்த பதம் பார்க்கப் போனேன். பழத்தைக் குறுக்கே வெட்டி அயடீனில் தோய்த்தால், மாச்சத்து இருக்கும் இடம் கறுக்கும். கனிந்த பழம் வெளுப்பாக நிற்கும். மேல் வரிசைப் பழமெல்லாம் வெளுத்துவிட்டது. கடைசி வரிசைப் பழம் பாதிக்குமேல் கறுப்பு. இனிக் குளிரைச் சாட்டிப் பயனில்லை. இன்னொரு பழத்தை எடுத்துக் கடித்தேன். புளிப்பே இல்லை. இனிப்பு, அதன் பின்னால் தொண்டையில் வாழைப்பூ. டாபினெட். அடுத்த மரத்துப் பழமும் அதே. முப்பத்தெட்டையும் கடித்தேன். கடைசி மரத்தடியில் வாய் மரத்துப்போய், அப்படியே இருந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து யோகனிடம் சொன்னேன்.

“ஆருக்குத் தெரியப்போகுது, மலர்?” என்றார். “பத்து வரிசையில ஒரு வரிசை. எல்லாத்தையும் ஒண்டாப் போட்டுப் பிழியேக்கை ஆர் கண்டது?”

அவர் குசினியில் கோப்பை கழுவி முடித்துவிட்டு வந்து கதிரையில் இருந்தார்.

“உமக்குத் தெரியும். அதுதான் பிரச்சினை, என்ன?” என்றார். “நாளைக்கு வெள்ளனப் போம்.”

வெள்ளனவே போனேன். றொபின் கொட்டகை வாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன்: “கடைசி வரிசை கிங்ஸ்டன் இல்லை. டாபினெட். கட்டியது நான். போன வசந்தத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. உங்களுக்குச் சொல்லவில்லை.”

அவர் என்னைப் பார்த்தார். பொல்லை எடுத்துக்கொண்டு, அந்த முழங்காலோடு சரிவில் இறங்கினார். நான் பின்னால் போகவில்லை. நெடுநேரம் கழித்துத் திரும்பி வந்தார். நேரே கொட்டகைக்குள் போனார். தும்புத்தடிச் சத்தம் தொடங்கியது. வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இனி இந்தப் படலைக்குள் வரமாட்டேன் என்று முடிவு செய்துகொண்டு நின்றேன்.

சத்தம் நின்றது. “ஒட்டுக் கொப்பியைக் கொண்டுவாரும்,” என்றார்.

கொண்டுபோனேன். விரலால் தேடிப் பிடித்தார். “இது எனக்குப் பல்லுப் பிடுங்கின நாள்.”

“ஓம்.”

“நீர் இப்படிப் பிழை விடுகிற ஆள் இல்லை. அன்றைக்கு என்ன நடந்தது?”

சொன்னேன். சாக்கில் இருந்த இரண்டு கட்டுகளையும், போன் வந்ததையும், புல்லில் இருந்து அழுததையும் சொன்னேன். அவர் கொப்பியை மூடினார்.

“உமக்கு ஒரு தம்பி இருக்கிறாரா?”

“ஓம்.”

“அவர் உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாமல் நாலு மாதம் இங்கே நின்று வேலை செய்தீரா?”

“எட்டு மாதம்,” என்றேன்.

“ஏன் எனக்குச் சொல்லவில்லை?”

அதை நான் அதுவரை எனக்கே சொல்லிப் பார்த்ததில்லை. “எல்லா இடத்திலும் அதே பேச்சுத்தான், றொபின். இங்கே மட்டும்தான் ஒருவரும் கேட்கவில்லை. படலையைத் திறந்து உள்ளே வந்தால், அவன் காணாமல் போகாத மாதிரி இருக்கும்.”

றொபின் தும்புத்தடியைச் சுவரில் சாத்தினார். “செய்தியில் உங்கள் நாட்டைக் காட்டினார்கள்,” என்றார். “அந்த வருடம் ஒவ்வொரு நாளும் உம்மிடம் கேட்கவேண்டும் என்று வருவேன். எப்படிக் கேட்பதென்று தெரியாது. திரும்பிப் போய் இதைக் கூட்டுவேன். நான் கேட்டிருக்கவேண்டும், மலர்.”

நான் நாலு வருடமாகக் கோபமென்று நினைத்திருந்தது அதுதான். இரண்டு பேரும் அந்தச் சுத்தமான தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எனக்கு அழுகை வந்தது. அவர் கைலேஞ்சியைத் தேடி எல்லாப் பைக்குள்ளும் கைவிட்டார். ஒன்றிலும் இல்லை. கடைசியில் ஒட்டு நாடாச் சுருளொன்றை எடுத்து, அதைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

பிறகு என் முன்னாலேயே சைடர் செய்யும் பெண்ணுக்குப் போன் எடுத்தார். “நாங்கள் ஒரு பிழை விட்டுவிட்டோம்,” என்று தொடங்கினார். ‘நாங்கள்’ என்றார். ஒன்பது வரிசைதான் தரமுடியும், ஒரு வரிசை வேறு வகை, அதைத் தனியாகப் பொறுக்குகிறோம் என்றார். அவள் ஏதோ கேட்டாள். “இல்லை, சந்தேகமே இல்லை. என்னிடம் இருப்பதில் நல்ல நாக்கு ருசித்துச் சொன்னது,” என்றார்.

பிழையான வகையைத் திருத்த வழி உண்டு. மரத்தின் தலையை வெட்டிவிட்டு, அந்தக் கட்டையில் சரியான வகையை ஒட்டவேண்டும். அடுத்த செப்டெம்பரில் நானே மரம் அறுக்கும் வாளையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு, கிங்ஸ்டன் குச்சி ஒரே ஒரு கட்டோடு கீழே இறங்கினேன். றொபின் பொல்லை ஊன்றிக்கொண்டு பின்னால் வந்தார்.

“என்ன செய்யப்போகிறீர்?”

“திருத்தப்போகிறேன்.”

“முப்பத்தெட்டுக்கு முப்பத்தெட்டும் பிடித்த வரிசையை நான் என் ஆயுளில் வேறு பார்த்ததில்லை,” என்றார். “நான் வெட்டமாட்டேன். உமக்கு வெட்டவேண்டும் என்றால் வெட்டும்.”

முதல் மரத்தில் வாளை வைத்தேன். பட்டையில் வாளின் பல் பதிந்தது. அதற்கு மேல் இழுக்க என்னால் முடியவில்லை. வாளை எடுத்துவிட்டேன். அந்த வாரமே றொபின் கொட்டகைச் சுவரில் இருந்த தோட்டப் படத்தில் பழைய பெயரை அழித்து, டாபினெட் என்று எழுதினார். அந்தப் பழம் பிறகு வேறொரு கலவைக்குப் போனது. நல்ல கலவை என்றார்கள்.

நான் ஓய்வுபெறுவதற்கு முந்திய வருடம் என் மகளின் கலியாணத்துக்குக் குகன் வந்தான். அவன் கலியாணம் செய்து, ஒரு வாகனத் திருத்துமிடம் வைத்து, தலை நரைத்திருந்தான். அதற்குள் றொபின் தோட்டத்தைப் பெறாமகளிடம், போன மாதம் எனக்குப் போன் எடுத்த அந்தப் பெண்ணிடம், கொடுத்துவிட்டு, அங்கேயே மேல்வீட்டில் இருந்தார். தம்பி வந்திருக்கிறான் என்றேன். “கூட்டிக்கொண்டு வாரும்,” என்றார்.

நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில், அவர் குகனைக் கையில் பிடித்துக்கொண்டு கீழ்ச்சரிவுக்கு இறங்கிவிட்டார். இவனுக்கு இங்கிலிஷ் கொஞ்சம்தான். கொட்டகை வாசலில் நின்று பார்த்தேன். ஒவ்வொரு மரத்தடியிலும் றொபின் நிற்கிறார், குகன் கையை வைக்கிறான், அடுத்த மரத்துக்குப் போகிறார்கள். தேத்தண்ணி ஆறிவிட்டது. நான் கூப்பிடவில்லை.

திரும்பி வரும் வழியில் குகன் கேட்டான்.

“அக்கா, அந்த மனிசன் ஏன் என்னை ஒவ்வொரு மரமாத் தொடப் பண்ணினவர்?”

கார் ஓட்டியபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். மலை இறங்கி முடிந்தது.

“அண்டைக்கு அது முகாமில ஆரோ ஒருத்தற்றை போன், அக்கா,” என்றான் பிறகு. “ஒரு ஆளுக்கு ரெண்டு நிமிசம். எனக்கு முன்னால நிண்ட ஆக்களுக்கு அடிச்சு அடிச்சு நிண்டு போச்சு. ஒருதரும் எடுக்கேல்லை. எனக்கு உங்கட நம்பர் ஒண்டுதான் பாடம். நீங்களும் எடுக்காட்டி, எனக்கு எண்டு ஒருதரும் இல்லை எண்டு அர்த்தம். பிறகு நான் இருந்து என்ன எண்டு நினைச்சுக்கொண்டுதான் அமத்தினனான்.”

காரை ஓரமாக நிறுத்தினேன். பின்னால் வந்த லொறி ஹோர்ன் அடித்துக்கொண்டு கடந்து போனது.

“எடுத்தனான்தானேடா,” என்றேன்.

“ஓம் அக்கா,” என்றான். “ரெண்டாவது மணியிலயே எடுத்தனீங்கள்.”